எஸ்க்யூஎல் குவெரி எழுதுவது எப்படி: ஒரு பால் சங்கக் கணக்கை வைத்து முழுமையான வழிகாட்டி

எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸில் (தரவுத்தளத்தில்) உள்ள தரவுகளைக் கேட்டு வாங்கும் மொழி. அதில் எழுதும் கேள்விதான் குவெரி. அதைப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறார்கள். செலக்ட், ஃப்ரம், வேர் என்று பத்துப் பதினைந்து சொல் தெரிந்துவிட்டால் குவெரி ஓடிவிடும். ஆனால் அது சரியான விடையைத்தான் தருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தப்பாக யோசித்து எழுதிய குவெரிக்கு டேட்டாபேஸ் பெரும்பாலும் பிழைச் செய்தி காட்டாது, ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பி யாருக்கோ பணம் குறைவாகப் பட்டுவாடா ஆகும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்: இங்கே ஒரு வரி எதைக் குறிக்கிறது?

இந்தக் கேள்விக்கு அடிப்படை போட்டவர் எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளை எல்லாம் வரிகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம், அவை வட்டில் எங்கே எப்படிக் கிடக்கின்றன என்பதைக் கேட்பவர் அறிய வேண்டியதில்லை என்று காட்டினார். அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் அதற்கு ஒரு மொழி அமைத்தார்கள். முதலில் அதன் பெயர் சீக்வெல். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால் எஸ்க்யூஎல் ஆயிற்று. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி அதைத் தரப்படுத்தியது. ‘எப்படித் தேடுவது’ என்று இந்த மொழியில் நீங்கள் சொல்வதில்லை, ‘எது வேண்டும்’ என்று மட்டும் சொல்கிறீர்கள். தேடும் வழியை டேட்டாபேஸ் தானே முடிவு செய்யும். நீங்கள் கேட்பது துல்லியமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

தொடங்கும் முன்

பழகுவதற்கு எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருள் போதும். பைத்தான் நிறுவியிருந்தால் அதோடு சேர்ந்தே வந்திருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றின் உள்ளேயும் அதுதான் இருக்கிறது. பதிவு, கடவுச்சொல் எதுவும் கேட்காது. ஒரே கோப்பில் முழு டேட்டாபேஸும் அடங்கிவிடும்.

கீழே கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஆனால் அட்டவணைப் பெயரும் நெடுவரிசைப் பெயரும் உண்மையிலேயே தமிழில் இருக்கலாம். எஸ்க்யூலைட், மற்ற டேட்டாபேஸ் மென்பொருள்களான போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் மூன்றுமே ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள், அடிக்கோடு போடுங்கள்.

படி 1: அட்டவணை அமைத்தல்

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் காலையிலும் மாலையிலும் பால் ஊற்றுகிறார்கள். அளவும் கொழுப்பும் பார்த்து விலை போடப்படுகிறது. வாங்கிய தீவனம், முன்பணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதி பட்டுவாடா ஆகிறது.

```
கிரியேட் டேபிள் உறுப்பினர் (
  எண் இன்டிஜர் பிரைமரி கீ,
  பெயர் டெக்ஸ்ட் நாட் நல்,
  தெரு டெக்ஸ்ட்
);

கிரியேட் டேபிள் ஊற்றல் (
  உறுப்பினர்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் உறுப்பினர்(எண்),
  நாள் டெக்ஸ்ட் நாட் நல்,
  வேளை டெக்ஸ்ட் நாட் நல்,
  லிட்டர் ரியல் நாட் நல்,
  கொழுப்பு ரியல்,
  விலை ரியல் நாட் நல்,
  பிரைமரி கீ (உறுப்பினர்_எண், நாள், வேளை)
);

கிரியேட் டேபிள் பிடித்தம் (
  உறுப்பினர்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் உறுப்பினர்(எண்),
  நாள் டெக்ஸ்ட் நாட் நல்,
  விவரம் டெக்ஸ்ட்,
  தொகை ரியல் நாட் நல்
);
```

பிரைமரி கீ என்பது ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம். ‘ஒரு வரி எது’ என்பதற்கு ஊற்றல் அட்டவணையின் பிரைமரி கீயே பதில் சொல்கிறது: ஒரு உறுப்பினர், ஒரு நாள், ஒரு வேளை. அதே ஆளுக்கு அதே வேளையை இரண்டாம் முறை பதிய முயன்றால் டேட்டாபேஸ் மறுத்துவிடும். கவனமாக இருங்கள் என்று எழுத்தருக்கு எத்தனை முறை சொன்னாலும் இந்த ஒரு வரி தரும் பாதுகாப்பு கிடைக்காது.

ரெஃபரன்சஸ் என்பது, உறுப்பினர் பட்டியலில் இல்லாத எண்ணுக்குப் பால் பதியக்கூடாது என்ற காவல். எஸ்க்யூலைட்டில் இந்தக் காவல் வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் ‘பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்;’ என்று கொடுத்தால்தான் வேலை செய்யும்.

நாளை ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையில் எழுதுங்கள். அப்போதுதான் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாக இருக்கும். பணத்துக்கு இங்கே எளிமைக்காக ரியல் போட்டிருக்கிறேன். உண்மையான கணக்கில் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அல்லது போஸ்ட்கிரஸின் நியூமெரிக் வகையைப் பயன்படுத்துங்கள். ரியல் எண்களில் கடைசி இலக்கங்கள் நழுவும்.

இனி வரிகளைச் சேர்க்கலாம்.

```
இன்சர்ட் இன்டூ உறுப்பினர் வேல்யூஸ்
  (1, 'செல்வி', 'மேலத்தெரு'), (2, 'முருகன்', 'கீழத்தெரு'),
  (3, 'பாக்கியம்', 'மேலத்தெரு'), (4, 'அந்தோணி', நல்);

இன்சர்ட் இன்டூ ஊற்றல் வேல்யூஸ்
  (1, '2024-06-01', 'காலை', 5.0, 4.2, 36),
  (1, '2024-06-01', 'மாலை', 4.0, 4.4, 37),
  (1, '2024-06-02', 'காலை', 5.5, நல், 36),
  (2, '2024-06-01', 'காலை', 8.0, 3.8, 34),
  (2, '2024-06-02', 'காலை', 7.5, 3.9, 34),
  (3, '2024-06-01', 'மாலை', 3.0, 6.1, 45);

இன்சர்ட் இன்டூ பிடித்தம் வேல்யூஸ்
  (1, '2024-06-01', 'தீவனம்', 200),
  (1, '2024-06-02', 'முன்பணம்', 100),
  (2, '2024-06-02', 'தீவனம்', 150);
```

எழுத்தாலான மதிப்புகளுக்கு ஒற்றை மேற்கோள்தான். இரட்டை மேற்கோள் பெயர்களுக்கு உரியது. எஸ்க்யூலைட் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் போஸ்ட்கிரஸ் விடாது.

அந்தோணி இன்னும் பால் ஊற்றவில்லை, பாக்கியத்துக்குப் பிடித்தம் இல்லை, செல்வியின் ஒரு வேளைப் பாலுக்குக் கொழுப்பு அளக்கப்படவில்லை. இந்த மூன்றும் பின்னால் நமக்கு வேண்டும்.

படி 2: செலக்ட், ஃப்ரம், வேர்

```
செலக்ட் உறுப்பினர்_எண், லிட்டர், லிட்டர் * விலை அஸ் தொகை
ஃப்ரம் ஊற்றல்
வேர் நாள் = '2024-06-01' ஆண்ட் வேளை = 'காலை'
ஆர்டர் பை லிட்டர் டெஸ்க்;
```

முதலில் செலக்ட் எழுதினாலும் பொருள் அங்கிருந்து தொடங்குவதில்லை. ஃப்ரம் ஒரு அட்டவணையை எடுத்து வைக்கிறது. வேர் அதில் ஒவ்வொரு வரியாகச் சோதித்து வேண்டியதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. அடுத்து குரூப் பை, பிறகு ஹேவிங் (இரண்டையும் நான்காம் படியில் பார்ப்போம்). இத்தனைக்கும் பிறகுதான் செலக்ட் வந்து நெடுவரிசைகளைப் பொறுக்குகிறது. வரிசைப்படுத்தும் ஆர்டர் பையும் (டெஸ்க் என்றால் இறங்குவரிசை), எத்தனை வரி வேண்டும் என்று வரம்பு வைக்கும் லிமிட்டும் கடைசி.

மேலே ‘தொகை’ என்று பெயர் வைத்தோமே, அதையே வேரில் ‘தொகை > 200’ என்று எழுதினால் போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று சொல்லும். வேர் நடக்கும் நேரத்தில் அந்தப் பெயர் இன்னும் பிறக்கவில்லை. ஆர்டர் பையில் அதே பெயர் செல்லுபடியாகும், ஏனென்றால் அது செலக்டுக்குப் பின்னால் வருவது. எஸ்க்யூலைட் மட்டும் இரண்டு இடத்திலும் அனுமதிக்கும். அந்தச் சலுகையைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

‘ஆண்ட்’ (மற்றும்), ‘ஆர்’ (அல்லது) இரண்டும் சேர்ந்து வந்தால் ‘ஆண்ட்’ முதலில் கணக்கிடப்படும். சந்தேகமே வேண்டாம், எப்போதும் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். ஆர்டர் பை எழுதாத குவெரியின் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இன்று பதிந்த வரிசையிலேயே வந்தது நாளை மாறலாம்.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எஸ்க்யூலைட் யூனிகோடு எண் வரிசைப்படிதான் அடுக்கும், அது நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. நெடுங்கணக்கில் வகரம் முன்னே, ழகரம் பின்னே. யூனிகோடில் ழகரம் முன்னே. ஆகவே ‘பவானி’க்கு முன்னால் ‘பழனி’ வந்து நிற்பார். ‘ஜெயா’ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வருவார். போஸ்ட்கிரஸில் தமிழுக்கான ஐசியூ கொலேஷனை (மொழிக்கேற்ற வரிசை விதியை) குறிப்பிட்டால் இது சரியாகும். அதேபோல் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் எஸ்க்யூலைட் 5 என்று சொல்லும். இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி எழுத்து. மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் கேட்டால் பைட் கணக்கில் 15 வரும்.

படி 3: ‘நல்’ என்னும் வெறுமை

தொடங்குகிறவர்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது. அவசரப்படாமல் படியுங்கள்.

கொழுப்பு 4-க்குக் குறைவான ஊற்றல்களைக் கேளுங்கள்: 2 வரி. 4 அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள்: 3 வரி. ஆனால் அட்டவணையில் இருப்பது 6 வரி. விடுபட்டது செல்வியின் அளக்கப்படாத பால். ‘நல்’ என்றால் சுழியம் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. ‘தெரியாது’ என்று பொருள். தெரியாத ஒன்று 4-ஐ விடக் குறைவா என்று கேட்டால் விடையும் ‘தெரியாது’தான். வேர் உறுதியாக ‘ஆம்’ என்று வந்த வரிகளை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதனால்தான் ‘கொழுப்பு = நல்’ என்று எழுதினால் ஒரு வரியும் வராது. ‘கொழுப்பு இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும்.

கூட்டும்போதும் இதே கதை. கவுன்ட்(*) வரிகளை எண்ணும்: 6. கவுன்ட்(கொழுப்பு) மதிப்பு உள்ளவற்றை மட்டும் எண்ணும்: 5. கூட்டும் சம், சராசரி எடுக்கும் ஏவிஜி இரண்டும் ‘நல்’ வரியைத் தாண்டிப் போகும். சங்கத்தில் மொத்தப் பாலின் சராசரிக் கொழுப்பைப் பார்க்க வேண்டுமானால் லிட்டரின் எடையோடு கணக்கிடுவதுதான் முறை. அதை இப்படி எழுதிப் பாருங்கள்:

```
செலக்ட் சம்(லிட்டர் * கொழுப்பு) / சம்(லிட்டர்)
ஃப்ரம் ஊற்றல்;
```

விடை ஏறத்தாழ 3.53. பதிவான கொழுப்புகளில் மிகக் குறைந்ததே 3.8 என்னும்போது சராசரி 3.53 ஆக முடியாது. மேலே உள்ள கூட்டல் செல்வியின் 5.5 லிட்டரைத் தாண்டிவிட்டது, கீழே உள்ள கூட்டல் அதைச் சேர்த்துக்கொண்டது. ‘வேர் கொழுப்பு இஸ் நாட் நல்’ என்று ஒரு வரி சேர்த்தால் 4.24 வரும். முதல் குவெரி ஓடியபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

படி 4: குரூப் பை, ஹேவிங்

```
செலக்ட் உறுப்பினர்_எண்,
       கவுன்ட்(*) அஸ் வேளைகள்,
       சம்(லிட்டர்) அஸ் மொத்தம்,
       சம்(லிட்டர் * விலை) அஸ் தொகை
ஃப்ரம் ஊற்றல்
குரூப் பை உறுப்பினர்_எண்
ஹேவிங் சம்(லிட்டர்) >= 10;
```

குரூப் பை நடந்ததும் வரியின் பொருள் மாறிவிடுகிறது. இதற்கு முன் ஒரு வரி ஒரு வேளைப் பால். இனி ஒரு வரி ஒரு உறுப்பினர். செல்விக்கு 3 வேளை, 14.5 லிட்டர், 526 ரூபாய். முருகனுக்கு 2 வேளை, 15.5 லிட்டர், 527 ரூபாய். பாக்கியத்தின் 3 லிட்டர் ஹேவிங்கில் கழிந்துவிட்டது. வேர் பழைய வரிகளைச் சல்லடை போடுகிறது, ஹேவிங் புதிய வரிகளைச் சல்லடை போடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு அவ்வளவுதான்.

இந்தக் குவெரியில் ‘வேளை’ என்ற நெடுவரிசையையும் கேட்டால் என்ன ஆகும்? செல்விக்கு மூன்று வரிகள் ஒன்றாகிவிட்ட பிறகு எந்த வேளையைக் காட்டுவது? போஸ்ட்கிரஸ் பிழை என்று நிறுத்திவிடும், மைஎஸ்க்யூஎல்லும் 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே நிறுத்திவிடும். எஸ்க்யூலைட் மூன்றில் ஏதோ ஒன்றைக் காட்டும். பிழை வருவதே நமக்கு நல்லது.

படி 5: ஜாயின்

பட்டியலில் எண் மட்டும் போதாது, பெயரும் வேண்டும். அதற்கு இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் தேவை.

```
செலக்ட் உ.பெயர், ஊ.வேளை, ஊ.லிட்டர்
ஃப்ரம் உறுப்பினர் அஸ் உ
ஜாயின் ஊற்றல் அஸ் ஊ ஆன் ஊ.உறுப்பினர்_எண் = உ.எண்;
```

இங்கே வெறும் ஜாயின் இரு பக்கமும் பொருந்திய வரிகளை மட்டும் தரும். அந்தோணி வரமாட்டார். ஜூன் 2 அன்று யார் எவ்வளவு ஊற்றினார், யார் வரவில்லை என்று எல்லோரையும் பார்க்க லெஃப்ட் ஜாயின் வேண்டும்:

```
செலக்ட் உ.பெயர், ஊ.லிட்டர்
ஃப்ரம் உறுப்பினர் அஸ் உ
லெஃப்ட் ஜாயின் ஊற்றல் அஸ் ஊ
  ஆன் ஊ.உறுப்பினர்_எண் = உ.எண் ஆண்ட் ஊ.நாள் = '2024-06-02';
```

செல்வி 5.5, முருகன் 7.5, பாக்கியத்துக்கும் அந்தோணிக்கும் ‘நல்’. இப்போது நாள் நிபந்தனையை ஆனிலிருந்து எடுத்து வேரில் போட்டுப் பாருங்கள். இருவர் மட்டுமே மிஞ்சுவார்கள். அந்தோணிக்கு ஊற்றல் பக்கம் முழுக்க ‘நல்’, அதனால் வேர் அவரைத் தள்ளிவிடுகிறது. பாக்கியத்துக்கு ஜூன் 1 வரி பொருந்திவிட்டது, அதையும் வேர் தள்ளிவிடுகிறது. லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருந்தும் வெறும் ஜாயினாக அது சுருங்கிவிட்டது.

வராதவர்கள் மட்டும் வேண்டுமானால், நாள் நிபந்தனை ஆனில் இருந்த அந்த லெஃப்ட் ஜாயின் குவெரியின் முடிவில் ‘வேர் ஊ.உறுப்பினர்_எண் இஸ் நல்’ என்று சேர்த்தால் போதும். இதை ‘நாட் இன்’ (இந்தப் பட்டியலில் இல்லாதவை) வைத்தும் சிலர் எழுதுவார்கள். அந்த உள் பட்டியலில் ஒரே ஒரு ‘நல்’ புகுந்துவிட்டாலும் விடை முழுக்க வெறுமையாகிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

படி 6: பட்டுவாடாத் தொகை

ஊற்றலையும் பிடித்தத்தையும் நேரே ஜாயின் செய்து, சம்(லிட்டர் * விலை) - சம்(தொகை) என்று கேட்கத்தான் முதலில் கை போகும். செல்விக்கு என்ன ஆகிறது பாருங்கள். அவருக்கு ஊற்றல் 3 வரி, பிடித்தம் 2 வரி. ஜாயின் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்து 6 வரி ஆக்குகிறது. பால் தொகை 526 இருமடங்காகி 1052. பிடித்தம் 300 மும்மடங்காகி 900. விடை 152. அவருக்குச் சேர வேண்டியதோ 226. முருகனுக்கு 377-க்குப் பதில் 227. பாக்கியம் பட்டியலிலேயே இல்லை.

ஒரு வரி எது என்று கேட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். ஊற்றலில் ஒரு வரி ஒரு வேளை, பிடித்தத்தில் ஒரு வரி ஒரு கழிவு. இரண்டையும் சேர்த்தால் வரும் வரிக்குப் பால் சங்கத்தில் பொருளே கிடையாது. ஆகவே இரண்டையும் தனித்தனியே ‘ஒரு வரி ஒரு உறுப்பினர்’ என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். கீழே வரும் வித், அந்த இடைநிலை விடைகளுக்குப் பெயர் வைக்கிறது.

```
வித் பால் அஸ் (
  செலக்ட் உறுப்பினர்_எண், சம்(லிட்டர் * விலை) அஸ் தொகை
  ஃப்ரம் ஊற்றல் குரூப் பை உறுப்பினர்_எண்
), கழிவு அஸ் (
  செலக்ட் உறுப்பினர்_எண், சம்(தொகை) அஸ் தொகை
  ஃப்ரம் பிடித்தம் குரூப் பை உறுப்பினர்_எண்
)
செலக்ட் உ.பெயர்,
       கோஅலெஸ்(ப.தொகை, 0) - கோஅலெஸ்(க.தொகை, 0) அஸ் பட்டுவாடா
ஃப்ரம் உறுப்பினர் அஸ் உ
லெஃப்ட் ஜாயின் பால் அஸ் ப ஆன் ப.உறுப்பினர்_எண் = உ.எண்
லெஃப்ட் ஜாயின் கழிவு அஸ் க ஆன் க.உறுப்பினர்_எண் = உ.எண்
ஆர்டர் பை உ.எண்;
```

செல்வி 226, முருகன் 377, பாக்கியம் 135, அந்தோணி 0. கோஅலெஸ் என்பது ‘நல்’ வந்தால் அதற்குப் பதில் 0 வைக்கிறது. அது இல்லாவிட்டால் பாக்கியத்தின் 135-இல் ‘தெரியாது’ கழிந்து, விடையும் ‘நல்’ ஆகியிருக்கும். நான்கு தொகையையும் கூட்டினால் 738. மொத்தப் பால் 1188, மொத்தப் பிடித்தம் 450, கழித்தால் அதே 738. பணம் சம்பந்தப்பட்ட எந்தக் குவெரியையும் இப்படி வேறு வழியில் ஒருமுறை சரிபாருங்கள்.

படி 7: மாற்றும்போது

அப்டேட்டும் டெலிட்டும் வேர் இல்லாமல் ஓடினால் அட்டவணை முழுவதையும் தொட்டுவிடும். எனவே அதே வேரோடு முதலில் ஒரு செலக்ட் ஓட்டி, எந்த வரிகள் வருகின்றன என்று பாருங்கள். பிறகு மாற்றத்தைப் பிகினுக்குள் செய்யுங்கள். பிகினுக்குப் பின் செய்தது கமிட் கொடுத்தால் நிலைக்கும், ரோல்பேக் கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

```
பிகின்;
அப்டேட் ஊற்றல் செட் விலை = 37
வேர் உறுப்பினர்_எண் = 1 ஆண்ட் நாள் = '2024-06-01' ஆண்ட் வேளை = 'காலை';
செலக்ட் சேஞ்சஸ்();
ரோல்பேக்;
```

எஸ்க்யூலைட்டில் சேஞ்சஸ்() எத்தனை வரி மாறியது என்று சொல்லும். பிரைமரி கீயின் மூன்று பகுதியையும் கொடுத்திருப்பதால் 1 என்றுதான் வர வேண்டும். வேறு எண் வந்தால் ரோல்பேக். திருப்தியானால் ரோல்பேக்குக்குப் பதில் கமிட். இங்கே பயிற்சிக்காக ரோல்பேக்கே செய்துவிடுங்கள்.

நிரலிலிருந்து குவெரி அனுப்பும்போது பயனர் தட்டியதைச் சரத்தோடு ஒட்டி அனுப்பவே கூடாது. ‘டி'சூசா’ என்று ஒரு பெயர் வந்தாலே நடுவில் உள்ள மேற்கோள் குவெரியை உடைத்துவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் அந்த இடைவெளியிலேயே தன் சொந்தக் கட்டளையை நுழைத்துவிடுவார். மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். பைத்தானின் எஸ்க்யூலைட் நூலகம் இதற்கு வழி செய்திருக்கிறது.

படி 8: வேகம்

சில ஆயிரம் வரிகளில் எதுவும் வேகம்தான். லட்சங்கள் ஆகும்போது இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்ற ஒரு தேடல் பட்டியல், தேவைப்படும். நம் பிரைமரி கீ உறுப்பினர், நாள், வேளை என்ற வரிசையில் இருப்பதால் ஒரு உறுப்பினரின் வரிகளைத் தேட உதவும். நாளை மட்டும் வைத்துத் தேட அது உதவாது, தனி இன்டெக்ஸ் வேண்டும்:

```
கிரியேட் இன்டெக்ஸ் ஊற்றல்_நாள் ஆன் ஊற்றல்(நாள்);
```

குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன் குவெரி பிளான்’ சேர்த்து ஓட்டினால் ஸ்கேன் என்றோ சர்ச் என்றோ காட்டும். ஸ்கேன் என்றால் எல்லா வரியையும் படிக்கிறது. சர்ச் என்றால் இன்டெக்ஸ் வழியே போகிறது. ஒவ்வொரு இன்டெக்ஸும் பதியும் வேலையைச் சற்று மெதுவாக்கும், அதனால் தேவையைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

எழுதிப் பார்க்க ஒன்று

காலையில் ஊற்றிவிட்டு அதே நாள் மாலையில் ஊற்றாதவர்கள் யார், எந்த நாளில்? விடையில் ஒரு வரி என்பது ஒரு உறுப்பினர், ஒரு நாள். ஊற்றல் அட்டவணையையே இரண்டு பெயரில் இரண்டு முறை எடுத்து, இடப்பக்கம் காலை, வலப்பக்கம் மாலை என்று லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். மாலைக்கான நிபந்தனை ஆனில் இருக்க வேண்டுமா, வேரில் இருக்க வேண்டுமா என்பதை ஐந்தாம் படியை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று வரி வர வேண்டும்: செல்வி ஜூன் 2, முருகன் ஜூன் 1, முருகன் ஜூன் 2.